அரைக் கிலோ சாவி

எங்கள் துறை மாதம் ஒரு முறை நாலு பக்கத் தாள் ஒன்றை அச்சடிக்கும். இதழியல் படிக்கிற பிள்ளைகள் கை பழகுவதற்கான தாள். முந்நூறு பிரதி. காசு கொடுத்து அதை யாரும் வாங்கியதில்லை. சும்மா கொடுத்தாலும் பாதிப் பேர் வாங்கியதில்லை. நல்லம்பள்ளி பேருந்து நிறுத்தத்தில் பஜ்ஜி போடுகிறவர் மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குவார். அந்தத் தாளால் ஒரு பெண்ணுக்கு வேலை போகும் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், நம் தாளுக்கு அவ்வளவு மரியாதையா என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

வேலை போனது. அதில் என் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் முதசிர். தருமபுரி டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த சர்தாரின் மகன். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவன். கடைக்கு வருகிறவர் வாய் என்ன சொல்கிறது என்பதை விட, கண் எந்த அலமாரிக்குப் போகிறது என்று பார்க்கத் தெரிந்துகொண்டேன். வகுப்பில் நான் சொல்லித்தருவதில் பாதி அதுதான். மீதி பாடத்திட்டம்.

பாடத்திட்டத்தின் மூன்றாம் அலகு ‘ஊடகமும் சமூக நீதியும்’. போன வருஷம் அதற்குத் தேர்வு வைத்தேன். பதினொரு பேர் எழுதினார்கள். பதினொரு விடைத்தாளிலும் ஒரே வரையறை, ஒரே எழுத்துப்பிழை. கைடு விற்றவன் பிழைத்துக்கொண்டான், பிள்ளைகள் தப்பவில்லை.

அடுத்த வகுப்பில் ஒரு தக்காளியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

“இது வயல்லேர்ந்து சாம்பாருக்குப் போறதுக்குள்ள எத்தனை கை மாறுது? எழுதுங்க.”

கலைமதிதான் முதலில் எழுதி முடித்தாள். அவள் அப்பா நவநீதன் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் நாலு ஏக்கரில் தக்காளி போடுகிறவர். கலைமதி தக்காளிச் செடிக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. அப்பா, பறிக்கிற ஆட்கள், டெம்போக்காரர், மண்டி ஓனர், ஏலம் கூவுகிறவர், வெளியூர் வியாபாரி, லாரி டிரைவர், காய்கறிக் கடைக்காரர், அம்மா. ஒன்பது கைகள்.

“வண்டியிலேர்ந்து எறக்கினதும் அழுகலு, காயி, பழம்னு தரம் பிரிக்கிறாங்களே, அது யாரு?” என்று கேட்டேன்.

“அது மண்டி ஆளுங்க சார்.”

“அவங்களுக்குக் கை இல்லியா?”

வகுப்பு சிரித்தது. கலைமதி சிரிக்கவில்லை. நான் தக்காளியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். சரக்கைக் காட்டியாயிற்று, இனி வாங்குகிறவர் யோசிக்க வேண்டும்.

செய்தி சேகரிக்கப் போவதற்கு எங்கள் துறையில் ஒரு முறை உண்டு. முதல் தடவை போகும்போது நோட்டும் கூடாது, போனும் கூடாது. கூட உட்கார்ந்து வேலை செய்துவிட்டு வர வேண்டும். இரண்டாம் தடவை நோட்டு. மூன்றாம் தடவைதான் கேமரா. எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன், யாரைப் பற்றி எழுதினோமோ அவருக்கு அதை வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். இதை நான்தான் ஏற்படுத்தினேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கலைமதி தேர்ந்தெடுத்தது அவள் அப்பா தக்காளி போடுகிற மண்டியையே. பெரிய சந்தைக்கு வெளியே சாலையோரம் வரிசையாக இருக்கிற தனியார் மண்டிகளில் ஒன்று. உரிமையாளர் பெயர் மாதவராஜ். அங்கே தரம் பிரிக்கிற பெண்கள் நான்கு பேர். அவர்களில் தீர்த்தம்மாள் பதினோரு வருஷமாக அந்தத் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். தக்காளியைப் பார்க்கவே மாட்டார். விரல் தொட்டதும் அது எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்பது விரலுக்கே தெரியும்.

இரண்டாம் தடவை நானும் கூடப் போனேன். கலைமதி விடியற்காலையிலேயே வந்துவிட்டிருந்தாள், நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கலைமதி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“தண்ணி குடிங்கக்கா.”

“வேணாம் பாப்பா.”

“அஞ்சு மணிலேர்ந்து பாக்கறேன், ஒரு வாய் கூட நீங்க குடிக்கல.”

“குடிச்சா போகணும்ல.”

“போயிட்டு வாங்க. அதோ, எடை மேசைக்குப் பின்னாடி கக்கூஸ் இருக்குதே. நானே போயிருக்கேன்.”

தீர்த்தம்மாள் கை நிற்காமலே சிரித்தார். “நீ போயிருப்ப கண்ணு. நீ நவநீதன் வூட்டுப் பொண்ணு. ஒனக்குச் சாவி வரும். எங்க காலனியிலேர்ந்து வர்ற நாங்க கேட்டா சாவி காணாமப் போயிரும். அரைக் கிலோ எடைக்கல்லக் கட்டி வெச்சிருக்காங்க, பாரு, கணக்கர் தலைக்குப் பின்னாடி. அது காணாமப் போற சாவியா?”

நான் திரும்பிப் பார்த்தேன். ஆணியில் சாவி தொங்கியது. யாரும் மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்று பழைய இரும்பு எடைக்கல்லைக் கம்பியால் சாவியோடு முடிந்திருந்தார்கள். வியாபாரி மூளை. எனக்குப் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.

“அப்ப நீங்க எங்க போவீங்க?” கலைமதியின் குரல் இறங்கிவிட்டது.

“காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் முள்ளுக்காடு. முன்ன போவோம். இப்ப அங்க லாரிய நிறுத்தறாங்க. அதனால காலையில அஞ்சு மணிக்கு வந்தா, ஒரு மணிக்கு வூடு போற வரைக்கும் தொண்டைய நனைக்கறதில்ல. மாசத்துக்கு ஒருவாட்டி நீர்க்கடுப்பு வரும். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா தண்ணி நெறய குடிங்கம்மாங்கறாங்க. நல்ல மருந்துதான். குடிச்சுட்டுப் போறதுக்கு எடம் எழுதித் தரலியே.”

மறுநாள் கலைமதி வகுப்புக்கு முன்பே வந்து என் மேசையருகே நின்றாள்.

“சார், எட்டாவது படிக்கிறப்ப அந்தச் சாவிய நான் ஆட்டிக்கிட்டே போயிருக்கேன். கல்லு கனமா இருந்துச்சு, வெளையாட்டா இருந்துச்சு. அப்பவும் அந்தக்கா அங்கதான உக்காந்திருந்திருப்பாங்க. நான் பாக்கவே இல்ல.”

பதினொரு விடைத்தாள்களில் இல்லாத ஒன்று அந்தப் பேச்சில் இருந்தது. போய் எழுது என்று மட்டும் சொன்னேன்.

எழுதினாள். ‘தாகம் எடுக்காத பெண்கள்’ என்று தலைப்பு. மண்டியின் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆள் பெயர் இல்லை. தீர்த்தம்மாளுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். “நாலு பொம்பளைங்கன்னு போடாத பாப்பா. பொம்பளைங்கன்னு மட்டும் போடு. நாலுன்னா எண்ணிருவாங்க.” அவள் திருத்தினாள்.

எழுத்தை வாசித்துக் காட்டினோம். படத்தை வாசித்துக் காட்ட முடியாது.

படம் கலைமதி எடுத்தது. இரண்டு கைகள் மட்டும். சாறு காய்ந்து வெடித்த விரல்கள், நடுவில் ஒரு முழுப் பழம். பின்னால் பிளாஸ்டிக் பெட்டியின் ஓரம். பெட்டி மாறிப் போகாமலிருக்க ஒவ்வொரு மண்டிக்காரரும் தன் பெட்டியில் பெயிண்டால் ஒரு அடையாளம் போட்டிருப்பார். மாதவராஜின் பெட்டியில் நீல வட்டம், உள்ளே ‘மா’. படத்தில் முக்கால் வட்டமும் எழுத்தின் பாதியும் விழுந்திருந்தன.

பக்கம் கட்டுகிறவன் பூவரசன். கணினியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

“சார், இந்தப் பெட்டி ஓரத்த வெட்டிரட்டுமா?”

நான் பார்த்தேன். மூட்டையைப் பார்த்தால் முதலில் அதன் முத்திரையைப் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். அது யார் அடையாளம், யார் யாருக்கு அது தெரியும், எல்லாம் ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது. வெட்டினால் படம் வெறும் கையாகிவிடும் என்பதும் தெரிந்தது. அந்த நீலம் இருந்தால்தான் சிவப்பு சிவப்பாக இருந்தது.

“இருக்கட்டும்டா. இல்லன்னா எந்த ஊருக் கையோன்னு ஆயிடும்.”

அவன் பக்கத்தை அப்படியே கட்டி முடித்தான். தாள் அச்சாகி வந்தது. நல்ல சரக்கு. பஜ்ஜிக்காரர் கூட அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தார்.

ஐந்தாம் நாள் கலைமதி துறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“தீர்த்தம்மாக்காவ நிறுத்திட்டாங்க சார்.”

அந்த மண்டியில் தரம் பிரிக்கிற நான்கு பேரும் ஒரே காலனிதான், ஆனால் மற்ற மூன்று பேர் அங்கே வேலை வாங்குகிற மேஸ்திரிக்குச் சொந்தம். பெட்டியின் அடையாளத்தை வைத்து மண்டி தெரிந்த பிறகு, பேசியது யார் என்று கண்டுபிடிக்க விசாரணைக் கமிஷன் தேவைப்படவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். பக்கத்து மண்டிகளுக்குப் போய்க் கேட்டாராம். ஒரு மண்டி நிறுத்திய ஆளை அந்த வரிசையில் இன்னொரு மண்டி சேர்க்காது. எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்த சட்டங்களை விட ஒழுங்காக நடக்கிற சட்டம். அவருடைய மகள் சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருஷம். கணவர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவர். அந்த வீட்டில் உலை வைப்பது தீர்த்தம்மாளின் விரல்கள்தான்.

“என் படத்தாலதான் சார். பெட்டியில எழுத்து தெரிஞ்சிருக்குது. நான் கவனிக்கல. எங்கப்பா மூணு நாளா எங்கிட்ட பேசல. அத வுடுங்க. அந்தக்கா மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?”

பூவரசன் கணினியின் முன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மௌஸ் மேலிருந்த அவன் கை அப்படியே நின்றது. அவன் திரும்பவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தான்.

“பாக்கலாம்மா. நான் போய்ப் பேசறேன்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்வதை விட, போய்ப் பேசி முடித்துவிட்டு வருவது எனக்குச் சுலபமாகப் பட்டது. பேரம் என் கைக்கு வந்த கலை. ஒப்புக்கொள்வது எங்கள் கடையில் பழக்கமில்லை.

மாதவராஜ் அறுபதை நெருங்குகிறவர். வெள்ளைச் சட்டையில் ஒரு தக்காளிக் கறை கூட இல்லாமல் எடை மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கணக்கர், மேஸ்திரி, வண்டியோடு காத்திருந்த மூன்று விவசாயிகள் சுற்றி இருந்தார்கள். நான் பேரைச் சொன்னதும் நாற்காலி போடச் சொன்னார்.

“சர்தார் பாய் மவனா நீ? ஒங்கப்பாகிட்ட பேரம் பேசி ஜெயிச்சவன் இந்த ஜில்லாவுலயே கெடையாது தம்பி. என் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தோம். நாங்க சொன்ன வெலைக்கே குடுத்தாரு. சந்தோஷமா ஊருக்குப் போயிட்டோம். அப்புறந்தான் தெரிஞ்சுது, அந்த வெலைய எங்க வாயில சொல்ல வெச்சதே அவருதான்னு.”

டீ வந்தது. பாதி குடித்த பிறகுதான் பேச்சை எடுத்தேன்.

“அண்ணே, அந்தம்மாவத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கணுங்க.”

“எந்தம்மா? வேலைக்கு வராதவங்கள வூடு வூடாப் போயி வா வான்னு கூப்புட முடியுமா?”

“வராதீங்கன்னு சொன்னா எப்பிடிங்க வருவாங்க? கக்கூஸப் பூட்டி வெச்சிருக்குன்னு சொன்னதுக்காக…”

“யாரு பூட்டினது?” குரலை உயர்த்தினார். கோபமில்லை, விவசாயிகளுக்குக் கேட்க வேண்டும். “எங்க மண்டியில யாரு கேட்டாலும் சாவி குடுப்போம். ஆம்பள பொம்பள, காலனி ஊருன்னு பேதம் பாக்கறதில்ல. ஏங்க கணக்கரே, குடுக்கறோமா இல்லியா?”

“குடுக்கறோமுங்க” என்றார் கணக்கர். அவர் தலைக்குப் பின்னால் எடைக்கல் தொங்கியது.

“கேட்டுக்கிட்டியா? இப்ப நான் சொல்றதக் கேளு தம்பி. அடுத்த தாள்ல ஒரு மறுப்பு போடு. தப்பு நடந்துபோச்சு, வருந்தறோம்னு. மறுநாளே அந்தம்மா வந்து உக்காரட்டும். மாதவராஜ் சொன்னா சொன்னதுதான். வரிசையில யாரை வேணா கேளு.”

அது உண்மை. அந்த வரிசையில் எல்லாரும் அப்படித்தான். ஏலத்தில் வாய்விட்டுச் சொன்ன விலையை எவனும் திரும்ப வாங்க முடியாது. சந்தை சரிந்தாலும், பெட்டிக்கு அடியில் அழுகல் இருந்தாலும், சொன்னது சொன்னதுதான். ஒரு முறை திரும்ப வாங்கினால் மறுநாள் எந்த டெம்போவும் அந்த வாசலில் நிற்காது.

ஒரு வரிப் பொய்க்கு ஒரு வேலை. நான் கேள்விப்பட்ட பேரங்களில் இது மலிவு. அப்படி நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

வகுப்பில் சொன்னேன். ஒரு மணி நேரம் சண்டை நடந்தது.

“போட்டுரலாம் சார். நம்ம தாள யாரு படிக்கிறா?” என்றான் ஒருவன்.

“பஜ்ஜி தின்னவங்க படிப்பாங்க” என்றாள் இன்னொருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

“நம்ம மானத்தக் காப்பாத்தறதுக்கு அந்தம்மா பட்டினி கெடக்கணுமா?”

“இன்னிக்குப் பொய்யின்னு போட்டா, நாளைக்கு எந்தப் பொம்பள நம்மகிட்டப் பேசுவா?”

கலைமதி கடைசியாகத்தான் பேசினாள். “பொய்யின்னு என் கையால எழுத மாட்டேன் சார். அந்தச் சாவிய வாங்கிக்கிட்டுப் போயிட்டு வந்தவ நான். ஆனா எழுதலன்னா அந்தக்காவுக்கு வேல இல்ல. ரெண்டுல எதுன்னு முடிவு பண்ண நாம யாரு? அவங்களப் போயிக் கேப்போம்.”

வகுப்பு முடியும்போது தீர்ப்பு சொல்வது என் வழக்கம். அன்று என்னிடம் தீர்ப்பு இல்லை. அந்த வருஷத்திலேயே நான் ஒழுங்காக நடத்திய வகுப்பு அதுவாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் நான், கலைமதி, பூவரசன் மூவரும் தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போனோம். தீர்த்தம்மாள் யாரோ ஒருவர் வயலில் களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கால் கழுவிக்கொண்டே, “வாங்க சார், வெயில்ல வந்திருக்கீங்க” என்றார். கோபமாக இருப்பார் என்று வந்தவர்களுக்கு அந்த மரியாதை அடி மாதிரி இருந்தது. எனக்கு நாற்காலி, பிள்ளைகளுக்குப் பாய். மூன்று பேருக்கும் தண்ணீர்.

கலைமதி அழுதுவிடுவாள் போலிருந்தது. “அக்கா, என்னாலதான்…”

“வுடு பாப்பா. நீ சின்னப் பொண்ணு. படம் புடிக்கத் தெரிஞ்சுது, பெட்டியப் பாக்கத் தெரியல. அதுக்கென்ன பண்றது?”

பூவரசன் தரையைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. வாத்தியாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருபது வயதுப் பையன் ஒரு வாரமாகச் சுமந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. எடை கொஞ்சம் அதிகம்தான்.

“அவ இல்லீங்க” என்றேன். “நான். பெட்டி ஓரத்த வெட்டட்டுமான்னு பூவரசன் கேட்டான். வேணாம்னு நாந்தான் சொன்னேன்.”

பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் போட்டது.

“நான் கேட்டேன்” என்றான் பூவரசன், யாரிடமும் இல்லாமல்.

கலைமதி என்னைப் பார்த்தாள். அதைக் கோபம் என்று சொல்ல மாட்டேன். கடை விளக்கில் பார்த்து வாங்கிய துணியை வெளியே வெயிலில் பிரித்துப் பார்க்கிறவர்கள் அப்படிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நான் கடைக்குள்ளிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். என் மேல் விழுந்தது அதுதான் முதல் தடவை.

“தெரிஞ்சேவா வுட்டீங்க?” என்று கேட்டார் தீர்த்தம்மாள்.

“தெரிஞ்சேதான்.”

“எதுக்குங்க சார்?”

“படம் நல்லா இருந்துச்சு.”

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம கையா இதுன்னு நானே ரொம்ப நேரம் பாத்தேன்.” கைகளை மடியில் வைத்துக்கொண்டார். “அந்தக் கைக்குத்தான் இப்ப வேல இல்ல.”

அதற்கு எதிராக நான் சொல்லக்கூடிய விலை எதுவும் கிடையாது.

பிறகு அவரே கேட்டார். “ஓனரு என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஒரு வார்த்தை வுடக் கூடாது.”

சொன்னேன். ‘யாரு கேட்டாலும் சாவி குடுப்போம்’ என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“இத அவரு வாயாலயா சொன்னாரு?”

“ஆமாங்க.”

“கூட யாரு இருந்தாங்க?”

“கணக்கரு, மேஸ்திரி, வண்டியோட மூணு விவசாயிங்க.”

“சத்தமா சொன்னாரா, உங்க காதுலயா?”

“மண்டிக்கே கேக்கற மாதிரி.”

தீர்த்தம்மாள் அன்று முதன்முறையாகச் சிரித்தார். “அப்பறம் என்னங்க சார்? அதயே போடுங்க. அவரு பேரோட. படிச்சவங்க, இதப் போயி வெறுங்கையோட வுட்டுட்டு வந்திருக்கீங்க.”

“அவரு தப்புன்னு போடச் சொல்றாரே அக்கா” என்றாள் கலைமதி.

“தப்பு நடந்திருக்குதில்ல? அதப் போடு.” முகவாயால் என்னைக் காட்டினார். “பொய்யும் வேணாம். என் வேலையும் வேணும்.”

பதினோரு வருஷம் ஏலம் கேட்டுக்கொண்டே தக்காளி பிரித்தவர். நான் மாதவராஜுக்கு எதிரில் உட்கார்ந்து காதில் வாங்காமல் விட்டதை, அங்கே இல்லாமலே கணக்காகப் பொறுக்கி எடுத்துவிட்டார்.

கலைமதி அங்கேயே எழுதினாள். ‘சென்ற இதழில் தாகம் எடுக்காத பெண்கள் என்ற கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு மண்டியின் அடையாளம் தெரிந்தது. அது ஆசிரியர் முதசிர் அறிந்தே செய்த தவறு. வருந்துகிறோம். அந்த மண்டியின் உரிமையாளர் திரு. மாதவராஜ் கூறியது: எங்கள் மண்டியில் யார் கேட்டாலும் கழிப்பறைச் சாவி கொடுப்போம். பேதம் பார்ப்பதில்லை.’

“‘அறிந்தே’ங்கறது வேணுமாம்மா?” என்று கேட்டேன். பழக்கம் விடவில்லை.

“வேணும் சார்” என்றாள். அதில் பேரத்துக்கு இடமில்லை.

முறைப்படி, யாரைப் பற்றி எழுதினோமோ அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதனால் மறுபடியும் மண்டிக்குப் போனேன். ஏலம் முடிகிற நேரம். விவசாயிகள் சூழ்ந்திருந்தார்கள். அவர்களில் நவநீதனும் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பெட்டிகளைப் பார்த்தார். நான் சத்தமாகவே வாசித்தேன். ‘தவறு’ என்ற இடத்தில் மாதவராஜ் தலையை ஆட்டினார். ‘வருந்துகிறோம்’ என்ற இடத்தில் டீ சொன்னார். தன் பேர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி வரியில் அவர் கண் சுருங்கியது.

“இன்னொருவாட்டி படி.”

படித்தேன்.

“இத நான் சொன்னனா?”

கணக்கர் பேனாவை நிறுத்தினார். அன்று இருந்த மூன்று விவசாயிகளில் ஒருவர் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நவநீதன் இந்தத் தடவை என்னைப் பார்க்காமல் மாதவராஜைப் பார்த்தார்.

“சொன்னீங்களேண்ணே” என்றேன். “மாதவராஜ் சொன்னா சொன்னதுதான்னும் சொன்னீங்க.”

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாய் மட்டும் சிரித்தது. “சர்தார் பாய் மவன்தான்டா நீ. போட்டுக்கோ.”

இது என் வேலை இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் யாருடைய வேலை என்று சொல்ல வேண்டிவரும். எனக்குச் சேராத அந்தப் புகழை டீயோடு சேர்த்து விழுங்கினேன். அதைப் போல் கசந்த டீ நான் குடித்ததில்லை.

தாள் வந்த மறு திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு, நாங்கள் மூவரும் மண்டிக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். தீர்த்தம்மாள் வேலைக்கு வந்திருந்தார். தகரக் கூரைக்குக் கீழே அவருடைய பழைய இடத்தில் மேஸ்திரியின் கொழுந்தியாள் உட்கார்ந்திருந்தாள். தீர்த்தம்மாளுக்குக் கூரை முடிகிற இடத்தில், சாக்கடையோரம், அழுகல் பெட்டிகள். மாதவராஜ் வாக்கைக் காப்பாற்றிவிட்டார். எங்கே உட்கார வைப்பார் என்று அந்த வாக்கில் இல்லை.

“அதயும் சேத்து எழுதி வாங்கியிருக்கணும் சார்” என்றாள் கலைமதி மெதுவாக. அவள் சொன்னது சரி.

ஏலம் உச்சத்தில் இருந்தது. தீர்த்தம்மாள் எழுந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரமாகச் சுற்றிப் போகாமல், வியாபாரிகளுக்கு நடுவிலேயே நடந்து போய்க் கணக்கர் முன் நின்றார்.

“சாவிங்க.”

கூவிக்கொண்டிருந்தவர் ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவில் நின்றுவிட்டார். கணக்கர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தக்காளியைப் பார்த்தார். நவநீதனும் இன்னும் நாலைந்து விவசாயிகளும் முதலாளியைப் பார்த்தார்கள். எடைக்கல் ஆணியில் அசையாமல் இருந்தது.

மாதவராஜ் திரும்பாமலே இரண்டு விரலை அசைத்தார். கணக்கர் எழுந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. கல் மேசையில் இடித்தது. தீர்த்தம்மாள் எடுத்துக்கொண்டு போனார். ஏலம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

திரும்பி வந்து, மேசையில் வைக்காமல், கணக்கர் தலைக்கு மேல் கையை நீட்டி ஆணியில் தானே மாட்டினார். தன் அழுகல் பெட்டிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் கலைமதி கொடுத்திருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி, தலையைப் பின்னால் சாய்த்துக் குடித்தார். அவசரமில்லாமல், வாயை எடுக்காமல், மண்டி முழுக்கப் பார்க்க, பாதி பாட்டில் வரை.

கலைமதியின் கையில் போன் இருந்தது. அவள் அதைத் தூக்கவில்லை. எடு என்று நானும் சொல்லவில்லை.

கூரைக்குக் கீழே இருந்த மூன்று பெண்களும் பிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். பிறகு மேஸ்திரியின் கொழுந்தியாள் மேஸ்திரி எங்கே நிற்கிறார் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கையிலிருந்த தக்காளியைப் பெட்டியில் போட்டுவிட்டு, சாறு சொட்டுகிற கையைத் தீர்த்தம்மாள் பக்கம் நீட்டினாள்.

தீர்த்தம்மாள் பாட்டிலைக் கொடுத்தார்.